வெட்டிய மூன்று நிமிஷம்

அன்புள்ள குமார்,

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே முகூர்த்த சீசன். கல்யாண வீடியோக்களை எடிட் செய்துவிட்டு ஸ்டுடியோவிலிருந்து வீடு திரும்ப தினமும் நடுராத்திரி ஆகிவிடுகிறது.

'ஹங்கர் கேம்ஸ்' அடுத்த படம் பற்றிக் கேட்டிருந்தாய். அரசாங்கமே வருஷாவருஷம் பிள்ளைகளைக் களத்தில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவிட்டு டிவியில் காட்டுமே, அந்தக் கதைதான். பெயர் 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்'. 2026 நவம்பர் 20 என்று அறிவித்திருக்கிறார்கள், இயக்கம் பிரான்சிஸ் லாரன்ஸ். 2012ல் நாம் பார்த்த முதல் படத்துக்கு 24 வருஷம் முந்தைய கதை இது. நாயகி காட்னிஸுக்குப் பயிற்சி கொடுக்க வந்து குடித்துவிட்டுக் கிடப்பாரே ஹேமிட்ச், அவர் 16 வயசில் களத்துக்குப் போன 50ஆவது போட்டி. அந்த வருஷம் மட்டும் 24 பிள்ளைகளுக்குப் பதில் 48 பேர்.

கதை தெரிந்தாலும் பரவாயில்லை என்றாயே, அதனால் சொல்கிறேன். இரண்டாவது நாவலில் காட்னிஸும் அவளோடு களத்துக்குப் போன பீட்டாவும் ரயிலில் அந்தப் பழைய போட்டியின் டேப்பைப் பார்ப்பார்கள். எதிராளி வீசிய கோடரி, கண்ணுக்குத் தெரியாத தடுப்பில் பட்டுத் திரும்பி அவளையே சாய்க்கும். ஹேமிட்ச் ஜெயித்துவிடுவான். உண்மையில் அவன் அந்தக் களத்தையே உடைக்கப் பார்த்தவன், தண்ணீர்த் தொட்டியை வெடிக்க வைத்தவன். அது டேப்பில் இல்லை, அரசாங்கம் வெட்டிவிட்டது. 2025ல் வந்த நாவல்தான் அதைச் சொல்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போன மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் பெண்ணின் தாய்மாமா சாப்பிடாமலே இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். மூன்று நிமிஷக் காட்சி. வீட்டார் சொன்னபடி நான்தான் வெட்டினேன். காலையில் அவர் சிரித்த ஒரு ஷாட்டை எடுத்து அங்கே ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. நாளைக்கு அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு, தாத்தா அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு குடும்பத்துக்கே இப்படி என்றால், ஓர் அரசாங்கம் நாடு முழுவதற்கும் வெட்டி ஒட்டினால்? படத்தில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். சண்டை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், முதலில் டேப்பைக் காட்டி அப்புறம் நடந்ததைக் காட்ட வேண்டும்.

வெறும் கதை என்று விடவும் முடியவில்லை. 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்தில் 'ஹங்கர் கேம்ஸ்' படங்களில் எதிர்ப்பின் அடையாளமாக வரும் மூன்று விரல் வணக்கத்தைக் காட்டிய மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021ல் மியான்மர் தெருக்களிலும் அதே மூன்று விரல்.

அந்த மூன்று நிமிஷத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தனியாக வைத்திருக்கிறேன். நவம்பரில் ஊருக்கு வா, படம் வந்த முதல் வாரமே சேர்ந்து போவோம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்