கஞ்சமலை அடிவாரத்து இரும்புக் கிட்டத்தையும் குனிந்து பாருங்கள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியான வாரம், எங்கள் பக்கத்து டீக்கடையில்கூட அதே பேச்சுதான். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345, மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று எண்களை ஒப்பித்தார்கள். மேட்டூருக்குப் பக்கத்து மாங்காடும் பட்டியலில் இருக்கிறதே என்று சேலத்துக்காரர்களுக்குத் தனிப் பெருமை. எனக்கும்தான். ஆனால் இந்தக் கடிதம் கதையின் மறுமுனையைப் பற்றியது. நம் நாட்டு உலைகள் அணைந்துபோன பத்தொன்பதாம் நூற்றாண்டை யார் தோண்டப்போகிறார்கள்?

சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலைக்கு வந்திருப்பீர்கள். அமாவாசைக்குச் சித்தர் கோயில் வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மழை பெய்த மறுநாள் ஓடைக்கரையில் ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள், மீசை முளைத்ததுபோல் கரும்பொடி ஒட்டிக்கொள்ளும். மலையில் காந்தக் கல்லும் படிகக் கல்லும் வரிவரியாகக் கலந்த பாறை. கல்லை இடித்து, முறத்தில் புடைத்தோ தண்ணீரில் கழுவியோ வெள்ளைப் படிகக் கல்லை நீக்கிவிட்டால் மிஞ்சுவது உலைக்குப் போகும் கருமணல்.

இந்த வேலையை நேரில் பார்த்து எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு இரும்புப் பைத்தியம் பிடித்து அலைந்த ஆள். ஆளுயரம்கூட இல்லாத மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஒரு கட்டி இரும்பு. அந்த இரும்பைத் துண்டுபோட்டு, ஆவாரம் விறகோடு சிறு மூசைகளில் (உருக்கும் மண்கிண்ணங்களில்) அடைத்து, மேலே எருக்கிலை போட்டுக் களிமண்ணால் வாயை மூடி, இருபது இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் ஊதினால் உருக்கு, அதாவது எஃகு. அவருடைய கட்டுரை 1839இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் வந்தது. ஹீத்தின் பெயர் தெரிகிறது. அவருக்கு இதைச் செய்துகாட்டிய உலைக்காரரின் பெயரை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

ஹீத் பார்த்ததோடு நிற்கவில்லை. 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் ஊதுலை ஆலை தொடங்கினார். சேலத்துக் கல் பரிசலேறிக் காவிரி வழியாகக் கடலோரத்துக்குப் போனது. பிற்பாடு மலபாரில் பேப்பூரிலும் ஆலை எழுந்தது. இரும்பு இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டு வரை போனது. ஆனால் கணக்கு தேறவில்லை. ஊதுலைக்குத் தீனி கரி, கரிக்குத் தீனி காடு. பக்கத்துக் காடு தீரத் தீர, கரி இன்னும் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் நிலக்கரியில் இரும்பை உருக்கி மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹீத், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அதை ஷெஃபீல்டுக்காரர்கள் எடுத்தாள, வழக்காடியே ஓய்ந்து 1851இல் இறந்தார். அவர் தொடங்கிய இரும்புக் கம்பெனியும் அவருக்குப் பிறகு கொஞ்ச காலம் தள்ளாடிவிட்டு மூடிக்கொண்டது. மண் உலைகளும் கப்பலில் வந்த இரும்போடு போட்டிபோட முடியாமல் ஒவ்வொன்றாக அணைந்தன.

அப்புறம் நம் காலத்து வேடிக்கை. கஞ்சமலைக் கல்லை நம்பி 1970இல் அடிக்கல் நாட்டிய இரும்பாலை, கடைசியில் வெளியிலிருந்து தகடு வாங்கித் துருப்பிடிக்காத எஃகு உருட்டும் ஆலையாகத்தான் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. மலை பக்கத்திலேயே இருக்கிறது, கல் மட்டும் உள்ளே போகவில்லை. மலையைத் தோண்டும் திட்டம் பின்னால் வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடிவார வயல்களில் உலைக்கழிவான கிட்டம் இன்னும் கிடக்கிறது. கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் கனக்கும். கூடவே உடைந்த சுடுமண் ஊதுகுழாய்த் துண்டுகளும். பழைய பானை ஓட்டுக்கு இருக்கிற மரியாதை இதற்கு இல்லை. மனை பிரிக்கிறவர்கள் பள்ளம் நிரப்ப அள்ளிக்கொண்டு போவதை நானே பார்த்தேன். ஒரு கோடைக்காலம் நாலு பேரை அனுப்பி, எந்த வயலில் எவ்வளவு கிட்டம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் போதும், அகழாய்வு பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய வருவாய்த்துறைக் கட்டுகளில் ஹீத் சம்பந்தப்பட்டதை எடுத்துத் தமிழில் போடுங்கள். இரும்பு உருக்கிய குடும்பங்களின் வாரிசுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தால், பாட்டி தாத்தாக்கள் சொன்னதைப் பதிவு செய்யுங்கள். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் மண் உலை ஒன்றை, துருத்தியும் மூசையுமாக, முழு அளவில் கட்டிவைத்தால் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.

கிட்டம் கிடக்கும் வயல்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் வந்தால் கூட நடக்கத் தயார். மழைக்கு முன்னால் வாருங்கள், பயிர் ஏறிவிட்டால் தரை தெரியாது.

இப்படிக்கு,
சேலத்துக்காரன் ஒருவன்