எச்ஐவியும் மூளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்ஐவி குறித்த கட்டுரைகள் பெரும்பாலும் ரத்தத்திலுள்ள சிடி4 அணுக்களின் (நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணுக்களின்) எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே இந்த வைரஸ் மூளையையும் எட்டிவிடுகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

இத்தனைக்கும் அது நரம்பணுக்களைப் பொதுவாக நேரடியாகத் தாக்குவதில்லை. தொற்றுக்குள்ளான வெள்ளையணுக்களுடன் மூளைக்குள் நுழைந்து, அங்கே நோயெதிர்ப்புப் பணியைச் செய்யும் மைக்ரோகிளியா, மேக்ரோபேஜ் அணுக்களில் குடியேறுகிறது. அந்த அணுக்கள் வெளியிடும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின் போன்ற அழற்சிச் சமிக்ஞைகளும் வைரஸின் புரதங்களும் சேர்ந்தே நரம்பணுக்களின் இணைப்புகளைச் சிதைக்கின்றன. இன்டர்ஃபெரான் காமா என்ற மற்றோர் அழற்சிச் சமிக்ஞை தூண்டும் ஒரு நொதி, மனநிலையைச் சீராக்க உதவும் செரட்டோனின் உருவாகத் தேவையான டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை வேறு பாதைக்குத் திருப்பிவிட, நரம்புகளுக்கு நஞ்சாகும் குவினோலினிக் அமிலம் உண்டாகிறது. எச்ஐவியோடு வாழ்வோரின் மனச்சோர்வைச் சமூகப் புறக்கணிப்பின் விளைவாக மட்டும் பார்ப்பது (அதன் பங்கு பெரிது என்பதை மறுக்கவில்லை) போதாது என நான் கருதுவது இதனால்தான்.

1996-க்குப் பின் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை, எச்ஐவியால் வரும் கடுமையான மறதிநோயை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும், சிலருக்கு மூளைத் தண்டுவட நீரில் அழற்சியின் தடயங்கள் நீடிக்கின்றன; கவனமும் சிந்தனை வேகமும் சற்றே மங்குகின்றன. ஆகவே வழக்கமான பரிசோதனைகளின்போது நினைவாற்றல், மனநிலை குறித்தும் மருத்துவர்கள் விசாரிக்க வேண்டும். இக்குறைபாடுகளைக் கண்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, மூளையின் பாதிப்பும் கூடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்