புரொப்பல்லரைக் கண்டு பயந்த மகளுக்கு

நாகர்கோவில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. புதிய வேலையிடத்துக்குச் சிறிய ஏ.டி.ஆர். விமானம் மட்டுமே போகிறது என்றும், அதன் எஞ்சின் முன்னால் இறகுகளோடு சுழலும் புரொப்பல்லரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது என்றும் தொலைபேசியில் சொன்னாய். அதற்குப் பதிலாகத்தான் இக்கடிதம்.

நான் முதன்முதலில் விமானம் ஏறியது 1962-இல், திருவனந்தபுரத்தில், டகோட்டா என்ற பழைய ரகப் புரொப்பல்லர் விமானத்தில். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தாமதமாகக் கைக்கு வந்ததால், மாமா தம் கைப்பணத்தில் சென்னைக்கு டிக்கெட் எடுத்துத் தந்தார். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல்தான் என்பதால், ரயிலில் கால் வைக்குமுன் விமானத்தில் ஏறியவன் நான் என்று இன்றும் பெருமையடித்துக்கொள்கிறேன். உன் அம்மாவுக்கு அது கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

டகோட்டாவின் வாலடியில் ஒரு சிறு சக்கரமே உண்டு. ஆகவே தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். பின்கதவு வழியாக நுழைந்து முன்னிருக்கைக்குப் போவது வேளிமலை ஏறுவதுபோல் இருந்தது. புரொப்பல்லர் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி, இருமி, குபுக்கென்று வெண்புகையைக் கக்கியதும், பக்கத்துப் பெரியவர் "தீப்பிடிச்சாச்சு!" என்று எழுந்தேவிட்டார். வட்டமாக அமைந்த 14 சிலிண்டர்களுள் அடியில் இருப்பவற்றில், எஞ்சின் ஓய்ந்திருக்கையில் எண்ணெய் கசிந்து தேங்கும் என்பதும், அது எரிவதே அந்தப் புகை என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தன. கேபினுக்குள் காற்றழுத்தத்தைக் காக்கும் ஏற்பாடு இல்லாததால் விமானம் தாழ்வாகவே பறந்தது. காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் கொடுத்தார்கள். மலையைக் கடக்கையில் தூக்கிப் போட்டது உண்மைதான், ஆனால் ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்றில் பேருந்து ஆடுவதைவிட அது பெரிதாகத் தோன்றவில்லை.

பின்னர் 1974-இல் ஆவ்ரோ என்ற விமானத்தில் போனேன். கான்பூரில் பாகங்களைக் கோத்துக் கட்டிய ரகம் அது. அதில் இருமலும் இல்லை, புகையும் இல்லை, ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் எஞ்சினின் கூர்மையான சீழ்க்கை மட்டும் இறங்கிய பிறகும் காதில் நின்றது.

நீ ஏறப்போவதும் ஆவ்ரோவைப் போன்ற வகைதான். ஜெட்டில் உள்ளதுபோன்ற, சூடான வாயுவால் சுழலும் டர்பைன்தான் அங்கே புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. ஓர் எஞ்சின் நின்றுபோனால், அதன் இறகுகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இழுவை குறைந்து, மற்ற எஞ்சினே விமானத்தைச் சுமந்து போகும். முப்பந்தலில் புதிய காற்றாலைகள் புயற்காற்றில் இறகைத் திருப்பிக்கொண்டு நிற்பதை நீ பார்த்திருப்பாய். இதுவும் அதே வித்தைதான், மக்கா.

ஏ.டி.ஆரில் இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலில் பார்வையை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சக்கரத்துக்கு நேரே உள்ள ஜன்னலிருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள். தரையைத் தொடும் நொடியில் டயரிலிருந்தும் கொஞ்சம் புகை எழும். பக்கத்தில் இருப்பவர் பயந்துவிட்டால் நீதான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா