அந்தக் கிண்ணத்தில் இனி சாப்பிடாதே

அன்புத் தோழி,

முதலில் ஒரு காரியம் செய். போன வருடம் நான் வனைந்து கொடுத்த வெள்ளைக் கிண்ணத்தை அடுக்களையிலிருந்து எடுத்து அலமாரி மேல் வை. இனி அதில் எதுவும் சாப்பிடாதே. எடுத்து வைத்துவிட்டு வந்து மீதியைப் படி.

ஏழு மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன். பெரியவளின் தேர்வு முடிவு தெரிந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். தாமதமானாலும் அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். அக்கா வழக்கம்போல. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இப்போது கிண்ணம். உன் கடிதத்தில், அதன் உள்பக்கம் மெல்லிய கீறல்கள் வலைபோல விழுந்திருக்கின்றன, பழசாகப் பழசாக அழகு கூடுகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் குளிர்ந்தது. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சூளையிலிருந்து எடுத்தபோது அந்தக் கிண்ணத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. நீயே விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே! அப்படியானால் அந்த வலை எப்போது, எப்படி வந்தது?

மறுநாள் காலையில் அதே சூளையில் வெந்த என் பூச்சாடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த மர முக்காலியில் வட்டமாக வெள்ளைத் தழும்பு. சாடி மாதக் கணக்கில் கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. உள்ளே விரலை விட்டுத் துடைத்துவிட்டு மை தடவினேன். உன் வீட்டுக் கிண்ணத்தில் இருக்கும் அதே வலை கறுப்பாக எழும்பி வந்தது.

பிறகு மண்ணையே சோதித்தேன். கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடியாகும் மேல்பூச்சு) பூசாத ஒரு சுட்ட துண்டை நன்றாக உலர்த்தி எடை போட்டேன், 100 கிராம். இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை போட்டால் 107. ஏழு சதவீதம் தண்ணீர் குடிக்கிறது! சாப்பாட்டுப் பாத்திரம் செய்யும் ஸ்டோன்வேர் மண், அதாவது அதிகச் சூட்டில் கல்போல இறுகும் மண், மூன்று சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று நமக்கு வனையக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

தவறு என்னுடையதுதான். பழைய மண் தீர்ந்துபோய் புது மண் வாங்கினேன் இல்லையா, அது 1280 டிகிரியில் வேகிற மண். மூட்டையிலேயே போட்டிருந்தது. என் வெள்ளை கிளேஸ் 1220-லேயே அழகாக உருகிவிடும், அதனால் பழைய வழக்கப்படி 1220-ல் சூளையை அணைத்துவிட்டேன். கிளேஸ் கண்ணாடியாகிவிட்டது, உள்ளே மண் அரைவேக்காடு. மேலே பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. தட்டினால் வருகிற சத்தத்தில் ஒரு மந்தம் இருந்தது, அதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

கிளேஸ் பொருந்தாமல் போனால் சூளை ஆறும்போதே தெரியும். கதவைத் திறந்ததும் டிங், டிங் என்று சின்ன மணிகள்போலச் சத்தம் வரும். நாம் இரண்டு பேரும் முதல் வருடம் அதைச் சங்கீதம் என்று உட்கார்ந்து கேட்டோமே! ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டுக் கிழியும் சத்தம் அது. இந்தக் கிண்ணத்தில் நடந்தது வேறு. வேகாத மண் அன்றாடம் கழுவும் தண்ணீரையும் காற்றின் ஈரத்தையும் குடித்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஊதுகிறது. மேலே இருக்கும் கண்ணாடிச் சட்டை ஊதாது. உடம்பு பெருத்தால் சட்டை பிரியும், அவ்வளவுதான். அதற்குச் சில மாதங்கள் ஆகும். அதனால்தான் என் வீட்டில் நன்றாக இருந்தது உன் வீட்டுக்கு வந்தபின் வலை விட்டது.

சீனத்தில் சோங் அரச வம்சக் காலத்துக் குயவர்கள் இந்த வலையையே அழகாக்கினார்களே என்று நீ கேட்பாய். உண்மைதான். எனக்கும் அந்தக் கோடுகள்மேல் ஆசைதான். ஆனால் பார்த்து ரசிக்கும் சாடியில் அது இருப்பது வேறு, உன் குழந்தைகள் தினமும் கை வைக்கும் கிண்ணத்தில் இருப்பது வேறு. அந்தக் கோடுகள் வழியாக எண்ணெயும் ஈரமும் உள்ளே போய்த் தங்கும், கழுவினாலும் வராது. கிளேஸ் கீறின பாத்திரம் பலத்திலும் பாதிக்கப்படும். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே குடித்த தண்ணீர் சூடேறிக் கையைச் சுடும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதே சுற்றில் செய்த பதினோரு சாமான்களையும் வாங்கியவர்களைத் தேடிப் பேசிக்கொண்டு இருக்கிறேன். ஒன்பது திரும்பி வந்துவிட்டன.

சரி, இப்போது நல்ல செய்தி. மண்ணை மாற்ற மனம் வரவில்லை. சக்கரத்தில் அது நிற்கிற அழகு அப்படி. சுவரை எவ்வளவு மெல்லிசாக இழுத்தாலும் தளராது. ஆகவே சூட்டை 1280-க்கு ஏற்றினேன். மின்சூளையைச் சூடேற்றும் கம்பிகள் சீக்கிரம் தேயும், வேறு வழி இல்லை. இப்போது அதே சோதனையில் இரண்டு சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. சூடு ஏறியதும் பழைய வெள்ளை கிளேஸ் தண்ணீராக ஓடிவிட்டது, அதனால் எங்கே போனேன் தெரியுமா? மாஸ்டரின் நாலு-மூணு-ரெண்டு-ஒண்ணு கிளேஸ் கலவைக்கு! ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைத் தூள் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் 10. நாம் வாய்ப்பாடாக ஒப்பித்துத் திரிந்தது இத்தனை வருடம் கழித்துக் கை கொடுக்கிறது.

அதோடு நிற்கவில்லை. விறகுச் சாம்பலைச் சலித்து, பல தடவை தண்ணீர் மாற்றிக் கழுவி (கையுறை போட்டுத்தான், அந்தக் காரத் தண்ணீர் தோலைத் தின்றுவிடும்), உலர்த்தி, அந்த நாலு-மூணில் பத்துப் பத்து சதவீதமாகக் கலந்து வரிசையாகச் சோதனை ஓடுகளில் பூசிச் சுட்டேன். இருபது வரை அமைதியான பளபளப்பு. முப்பதுக்கு மேல் கிளேஸ் நகரத் தொடங்குகிறது, மழை ஜன்னல் கண்ணாடியில் வழிகிற மாதிரி இழை இழையாக. சாம்பலில் இருக்கும் சுண்ணாம்புதான் அதை இளக்குகிறது. இரண்டு சதவீதம் இரும்பு ஆக்சைடு சேர்த்ததும் தேன் நிறம் வந்தது. அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் உருவம் பிரச்சினை ஆனது. நான் வழக்கமாகச் செய்யும் வழுவழுப்பான உருண்டை வயிற்றுச் சாடியில் இதைப் பூசினால், எதுவும் தடுக்காததால் முழுவதும் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது. உளியால் பெயர்த்தேன், சாடியின் அடி தட்டோடு போயிற்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு வனைவதையே மாற்றினேன். விரல் தடங்களைத் தேய்க்காமல் வரம்புகளாக விட்டேன். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு படி வெட்டினேன். வழிகிற கிளேஸ் வரம்பின் உச்சியில் மெலிந்து மண்ணின் பழுப்பைக் காட்டுகிறது, பள்ளத்தில் தேங்கி இருட்டுத் தேனாகிறது, படியில் வந்து துளியாக நின்றுவிடுகிறது. இத்தனை நாளும் உருவத்தை முடித்துவிட்டு அதற்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கிளேஸ் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு அதற்குப் பாதை வெட்டுகிறேன்.

பிரிட்டனில் வாழ்ந்த மட்பாண்டக் கலைஞர் லூசி ரீ, சுடாத பச்சைப் பாத்திரத்திலேயே கிளேஸ் பூசி ஒரே தடவையில் மின்சூளையில் சுட்டாரே, அதையும் முயன்றேன். பன்னிரண்டில் ஐந்து, பூச்சின் ஈரத்தை உறிஞ்சி வாய் சரிந்து உட்கார்ந்துவிட்டன. தூரிகையால் மெல்லிசாக, பக்கத்துக்குப் பக்கம் காயவிட்டுப் பூசியவை தப்பின. பாத்திரத்தோடு சேர்ந்து சுருங்க வேண்டும் என்றால் கிளேஸில் களிமண் கூடுதலாக இருக்க வேண்டும், அதை இன்னும் சரி செய்கிறேன். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், நீ சிரிக்காமல் படித்தால்.

உனக்குப் புதுக் கிண்ணம் உண்டு. ஆனால் உடனே கிடையாது. உள்ளே சாம்பல் சேர்க்காத வெறும் நாலு-மூணு, வெளியே தேன். செய்து முடித்ததும் கொதி தண்ணீர், பனிக்கட்டித் தண்ணீர் என்று மாற்றி மாற்றி முக்கிப் பார்ப்பேன். பிறகு மூன்று மாதம் என் வீட்டில் தினமும் புழங்கி, மை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். அகலம் பழையபடியே இருக்கட்டுமா? வாய் கொஞ்சம் உள்வாங்கினால் சின்னவள் பிடிக்க வசதியாக இருக்குமோ?

எனக்காக ஒன்று செய். இன்றிரவு பழைய கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டுப் படு. காலையில் தாள் நனைந்திருக்கிறதா, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுது. நனையாவிட்டாலும் எழுது.

உன்,
பழைய சக்கரத் தோழி