தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகே கையெழுத்து: கிராம சபை தொடர்பாக மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

நாள்: 18.08.2025, திங்கட்கிழமை
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்

அனுப்புநர்:
கிராம சபை உறுப்பினர்கள்
(ஊர் விவரமும் கையெழுத்துகளும் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கிராம சபையில் நிறைவேறும் தீர்மானங்களை அந்த இடத்திலேயே எழுதி, சபையில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை, சுதந்திர தினத்தன்று, எங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல் போட்டு, குடிதண்ணீர் வைத்து, கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளரும் வந்திருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் முடியும் நேரத்தில் நடந்ததைத்தான் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம்.

தீர்மான நோட்டை நீட்டி, "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கிறோம்" என்றார்கள். வாங்கிப் பார்த்தால் பக்கத்தின் மேலே தேதியும் இடமும் மட்டும் இருந்தன. அதற்குக் கீழே வெறும் கோடுகள். அந்த வெற்றுத்தாளுக்கு அடுத்த பக்கத்தில்தான் எங்கள் கையெழுத்தைக் கேட்டார்கள். எங்களில் சிலர் போட மறுத்தோம். பலர் வழக்கம்போலப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

அன்று பேசியவை சின்ன விஷயங்கள் அல்ல. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வெட்டித் தூர்வாரவில்லை என்றால், மழை பெய்தாலும் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் ஓடையில் போய்விடும். இதை எழுந்து சொன்னவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. எந்த இடத்தில் கால்வாய் அடைபட்டிருக்கிறது, எந்த மடைக்கு எதிரே கரை உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். பந்தலில் இருந்த எல்லோரும் கை தூக்கினோம். காலனிக்குப் போகிற குடிநீர்க் குழாய் உடைப்பு, சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு ஆகியவையும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

இதே வரத்துக்கால் கோரிக்கையை ஜனவரி 26 கிராம சபையிலும் வைத்தோம். என்ன ஆயிற்று என்று கேட்கப் போனபோது, "தீர்மானத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்ற பதில் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கினோம். அதில் இருந்த வரி இது: "ஊராட்சிப் பகுதியில் அடிப்படை வசதிகளை மேம்படுத்தப் பரிசீலிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது." கண்மாயின் பெயர் இல்லை, வரத்துக்கால் இல்லை, மழைக்கு முன்னால் என்ற சொல்லும் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. அதற்குக் கீழே எங்கள் கையெழுத்துகள் வரிசையாக இருந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே மனசு உடைந்துபோனது.

இதைத் தங்களிடம் கொண்டுவரக் காரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் நம் மாவட்டமும் ஒன்று. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் இந்த ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்று எங்களுக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் இருக்கிறார். முன்பு ஒரு குறை என்றால் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்போம். இப்போது ஊர் கூடிப் பேச மிஞ்சியிருக்கிற ஒரே இடம் கிராம சபை. அதைக் கூட்டுவதும் தனி அலுவலர், அதன் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டியவரும் அவரே. ஆகவே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தங்களிடம்தான் முறையிட முடிகிறது.

ஊராட்சிச் செயலர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஒரே ஆளாக வரி வசூல், தண்ணீர், தெருவிளக்கு எல்லாவற்றையும் பார்க்கிறார். மேலிருந்து வரும் கூட்டப் பொருள்களை வாசித்து முடிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. ஊர்க்காரர்கள் வாய் திறக்கும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. கூட்டம் சேர்க்கிற விதமும் சரியில்லை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். எங்கள் ஊராட்சியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அதை நிரப்ப நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொல்லி, கையெழுத்து வாங்கி, கூட்டம் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுகிறார்கள். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்களும் வந்து போகிறார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னால், வரத்துக்காலைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர் யார்?

கிராம சபை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 243ஏ பிரிவில் இடம்பெற்ற அமைப்பு. வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதும், திட்டப் பணிகளின் முன்னேற்றத்தை ஆய்வு செய்வதும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதற்குக் கொடுத்திருக்கும் வேலை. அந்தத் தீர்மானத்தின் சொற்களுக்கு என்ன எடை உண்டு என்று பக்கத்திலேயே பார்த்தோம். 2024 நவம்பர் 23 அன்று மதுரை மாவட்டம் மேலூர் பகுதி கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. மக்கள் மதுரை வரை பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊர்களின் நோட்டிலும் "உரிய நடவடிக்கை பரிசீலிக்கலாம்" என்று எழுதியிருந்தால் அவர்கள் எதைக் காட்டிப் பேசியிருப்பார்கள்?

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு தீர்மானமும் ஒப்புக்கொள்ளப்பட்டவுடன், இடத்தின் பெயர், வேலையின் விவரம், எப்போதைக்குள் என்பவற்றோடு நோட்டில் எழுதப்பட வேண்டும். எழுதியதைப் பற்றாளர் முன்னிலையில் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் கையெழுத்து. எழுதாத பக்கத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று மாவட்டம் முழுமைக்கும் சுற்றறிக்கை அனுப்பினால் எங்களைப் போன்ற மற்ற ஊர்களுக்கும் உதவும். தீர்மானத்தின் நகலை ஒரு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், நகலுக்காக நாங்கள் மனுப் போட்டு அலைய வேண்டியிருக்காது. அடுத்த கிராம சபை தொடங்கும்போது, போன தீர்மானங்களில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று முதலில் சொல்லட்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வோம். ஊர்மக்கள் பேசும் நேரத்தைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கித் தரவும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆகஸ்ட் 15 கூட்டத்தைப் பொறுத்தவரை, அந்தப் பக்கத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தாங்கள் வரவழைத்துப் பார்க்க வேண்டும். வரத்துக்கால், குழாய், விளக்கு ஆகிய மூன்றும் அதில் இல்லையென்றால், மழைக்காலம் நெருங்குவதால் அடுத்த கிராம சபை நாளான அக்டோபர் 2 வரை காத்திருக்காமல் சிறப்புக் கிராம சபை கூட்டி அவற்றைப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிராம சபை உறுப்பினர்கள்

குறிப்பு: தனித்தாளில் கைநாட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த மனு முழுவதும் ஊர்ச் சாவடியில் இரண்டு முறை வாசித்துக் காட்டப்பட்டது. அவர்கள் சொன்னபடி "குழாய் உடைப்பு" என்பது "காலனிக்குப் போகிற குடிநீர்க் குழாய் உடைப்பு" என்று திருத்தப்பட்ட பிறகே கைநாட்டு வாங்கப்பட்டது.