மருந்துக்கு ஒரு பூட்டு

ஆசிரியருக்கு,

உலகத் தற்கொலைத் தடுப்பு நாளையொட்டி (செப்டம்பர் 10) வெளியான தங்கள் தலையங்கம் மனநல ஆலோசனையை வலியுறுத்தியது. சரிதான். ஆனால் கடன், குடி, வீட்டுச் சண்டை எனக் காரணம் எதுவானாலும், உயிரை விடத் துணியும் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்நேரத்தில் பூச்சிமருந்து கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். கொடிய நச்சு மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது.

எங்கள் வீட்டிலும் பல வருடம் மிச்ச மருந்து நெல் மூட்டைக்குப் பின்னால்தான் கிடந்தது. விற்கிற விலைக்கு யாருக்குக் கொட்ட மனம் வரும்? போன வருடம்தான் மோட்டார் கொட்டகையில் பெட்டி வைத்துப் பூட்டினேன். நம் கடலூர் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பு, பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பொதுப் பெட்டகம் வைத்துப் பார்த்தது. விவசாயிகள் ஏற்றுக்கொண்டதை 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் மூலம் இதை மாவட்டம் முழுக்கச் செய்யலாம். அப்புறம், பூச்சிமருந்துக் கடை வாசலில், அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் இலவச உதவி எண் 14416ஐப் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லலாம்.

ஒரு விவசாயி,
குறிஞ்சிப்பாடி