கன்னிமார் குட்டை, மேல்காடு, இட்டேரித் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும், பங்காளிகள், மாமன் மச்சான்மாருக்கும், தாய்மார்களுக்கும், திருப்பூர், கோயமுத்தூர், பெங்களூர் என்று பிழைப்புக்குப் போயிருந்தாலும் ஊர்க்காரியம் என்றதும் பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கன்னிமார் கோயில் கும்பாபிஷேகம் முடிந்ததும் இந்தக் குழுவைக் கலைக்க வேண்டாம், கோயிலுக்கு முன்னால் வறண்டு கிடக்கும் குட்டையையும் இதே குழு எடுத்துச் செய்யட்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். போன ஆண்டு நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் ஆயிற்று. மார்கழியில் தொடங்கிய வேலை இந்தப் புரட்டாசியில் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எப்படி நின்றது என்பதையும் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முறை என்பதால் இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் கூட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: ஹிட்டாச்சியை விட்டு குட்டையை இன்னும் பத்தடி தோண்டிவிட வேண்டும். அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒரு ஆத்தா எழுந்து சொன்னது இந்தத் திருப்பணியின் திசையையே மாற்றிவிட்டது. “ஏங்கண்ணு, மேக்காட்டு மண்ணு மழைக்கு மழை எறங்கி வந்துதான் குட்டை மேடாச்சு. மேல நிறுத்தாம கீழ அள்ளுனா, அள்ளிக்கிட்டேதான் இருக்கோணும்.” குழு அதை எடுத்துக்கொண்டது. உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் குட்டையில் செலவாகாமல் குட்டைக்கு மேலே உள்ள காடுகளில், அதாவது மானாவாரி நிலங்களில், செலவானதற்குக் காரணம் இதுதான். கேட்டவர்கள் பலர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். தாராபுரம், உடுமலை, பல்லடம் வழியெல்லாம் காற்றாலை நிற்பது அதனால்தான். அந்தக் காற்று காய்ந்த காட்டின் மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. பிறகு ஐப்பசியில் மழை வந்தால் சொட்டுச் சொட்டாக வருவதில்லை, இரண்டு மூன்று மழையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரு ஏக்கர் காட்டில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி எட்டுக்கு மேல் வேண்டும் அதைச் சுமக்க. அந்தத் தண்ணீர் காட்டிலேயே இறங்காமல் ஓடையில் ஓடினால் கூடவே மண்ணையும் இழுத்துப் போகும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மி.மீ. கனத்துக்கு மண் அரிந்தால் நாலு கன மீட்டர், டிப்பர் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மி.மீ. போனது கண்ணுக்கே தெரியாது. குட்டையில் வந்து மேடானபின்தான் தெரியும்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, பவானி ஆற்று உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குப் போவதைப் பார்த்து நமக்கும் வராதா என்று ஏங்காதவர் யாரும் இல்லை. நம் குட்டை அந்தப் பட்டியலில் இல்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் பாசனமும் நமக்கு எட்டாது. வானத்திலிருந்து விழுவது மட்டும்தான் நம் பங்கு. அந்தப் பங்கை முழுசாக வாங்கிக்கொள்ளும் வேலைதான் நாம் செய்தது.

வேலை மேலிருந்து கீழே வந்தது. மேல்காட்டில் பழைய வரப்புகள் பல இடங்களில் உழவில் கரைந்து போயிருந்தன, சில இடங்களில் சரிவோடு சேர்ந்து நீளவாட்டில் ஓடின. அவற்றைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் திருத்திப் போட வேண்டும். மட்டம் பிடிக்கப் பெரிய கருவி எதையும் வாடகைக்கு எடுக்கவில்லை. வீடு கட்டும் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப் போதுமானதாக இருந்தது. நம் ஊர்க் கொத்தனார் ஒருவர் ஒரு முனையைக் குச்சியோடு சேர்த்துப் பிடிக்க, பள்ளிக்கூடத்துப் பையன்கள் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு காட்டில் ஏறி இறங்குவார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் அடையாளக் கோட்டில் நின்றால் அங்கே சுண்ணாம்புப் பொடி. அடுத்த இடம். இப்படிக் கோடு போட்டு முடிக்கும்போது, நேராகத்தான் இருக்கும் என்று நினைத்த வரப்பு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதைப் பார்த்து நிலத்துக்காரர்களே அசந்து போனார்கள். வளைவதால் ஏர் ஓட்ட, டிராக்டர் திருப்ப இடைஞ்சல் என்று சிலர் தயங்கினார்கள். ஆனால் ஒருவர்கூட மறுக்கவில்லை. அதற்குக் குழு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வரப்புக்கு மண் எடுத்த பள்ளங்களை மேற்புறத்திலேயே விட்டிருக்கிறோம், தண்ணீர் அதில் நின்று இறங்கட்டும் என்று. தயவுசெய்து அவற்றை மூட வேண்டாம். வரப்பில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம். முளைத்து வந்ததும் ஓலை என்று அறுத்துவிடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது இட்டேரி, இருபுறமும் வேலி இருக்க நடுவே போகும் வண்டித்தடம். வண்டி போன இட்டேரி, மழைத் தண்ணீரும் போன இட்டேரி, சீமைக்கருவேலம் அடைத்து, ஆள் நுழைய முடியாமல் கிடந்தது. முள்ளை வெட்டினால் மறுபடி தழைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கட்டையை வேரோடு பெயர்த்தோம். அதன் காயை ஆடு மாடு தின்றால் விதை சாணத்திலும் புழுக்கையிலும் வந்து விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்கு முளைத்ததை எல்லாம் குருத்திலேயே பிடுங்கினால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம். இருபுறமும் இட்டேரிக்குள் நகர்ந்து வந்திருந்த வேலிகளை, அளவையாளர் வந்து கல் காட்டியதும், உறுப்பினர்கள் தாமாகவே பின்னுக்கு எடுத்துக்கொண்டார்கள். வாய்த்தகராறு ஒன்றுகூட இல்லாமல் இது நடந்தது இந்த ஊருக்குப் பெருமை.

வேலிக்குக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. குழு கிளுவை முள்மரத்து உயிர்வேலியையே தேர்ந்தெடுத்தது. கம்பி வேலி மாட்டைத் தடுக்கும், ஆடிக்காற்றைத் தடுக்காது, மண்ணைப் பிடிக்காது. கிளுவை மூன்றையும் செய்யும். ஒருமுறை பிடித்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும், வெட்டிவிட்ட போத்து, அதாவது நடும் கொம்பு, அடுத்தவர் வேலிக்கு ஆகும். பழைய வேலிகளில் இருந்து கைத்தடி கனத்துக்குப் போத்து வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, வைகாசியில் கோடை மழை ஈரத்தில் நெருக்கமாக நட்டோம். நட்ட நாட்களில் கையெல்லாம் கிளுவைப் பிசின் மணந்தது. பெரும்பகுதி துளிர்த்துவிட்டது. தெற்கு முனையில், பாறை மேலாக இருக்கும் இடத்தில் மட்டும் காய்ந்திருக்கிறது. அங்கே வரும் வைகாசியில் மறுபடி நட வேண்டும். இட்டேரி ஓரத்தில் இருந்த சங்கஞ்செடி, பிரண்டை, கோவைக்கொடி எதையும் எடுக்க விடவில்லை. ஹிட்டாச்சி ஓட்டுநருக்கு முன்னால் நடந்து போய் ஒவ்வொரு புதரையும் காட்டிக் காப்பாற்றிய தாய்மார்கள் இருவரை உங்களுக்குத் தெரியும். கவுதாரி குஞ்சு பொரிக்கும் இடம் அது.

கொறங்காடு என்னும் நம் மேய்ச்சல் காடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காங்கேயம் மாடு இந்த மண்ணில் நின்றதற்கு அடிப்படையே கொறங்காடுதான் என்பதைச் சந்தையில் மாட்டின் திமிலைத் தட்டிப் பார்ப்பவர்களும் மறந்துபோகிறோம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். உழவு இல்லை, உரம் இல்லை. வெள்வேல் இலை சன்னமானது என்பதால் வெயில் கீழே இறங்கிப் புல் வளரும். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலின் காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். இந்தச் சரளை மண்ணை இதைவிட நன்றாகக் காப்பாற்றும் பண்ணயம் இருப்பதாகக் குழுவுக்குத் தோன்றவில்லை. ஆயிரம் அடி போர் போட்டுத் தென்னை வைத்து, தண்ணீர் வற்றி, மட்டை தொங்கிப்போய்க் கிடக்கும் தோப்புகளைப் பார்த்தபிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதனால் ஓடைக்கு இருபுறமும், உழுது பாழாகி விடப்பட்டிருந்த காடுகளை, நிலத்துக்காரர் சம்மதத்தோடு, கொறங்காடாகத் திருப்பியிருக்கிறோம். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்திலும் புல் விதைத்திருக்கிறோம். மகளிர் குழுவினர் போன மார்கழி, தை மாதத்தில் பழைய கொறங்காடுகளில் புல்விதை உருவிச் சேர்த்தார்கள். உருவிய உடனே விதைத்தால் கொழுக்கட்டைப்புல் சரியாக முளைக்காது. சில மாதம் உறங்கி எழ வேண்டிய விதை அது. சாக்கில் கட்டி மச்சில் வைத்திருந்து ஆவணிக் கடைசியில் எடுத்தோம். பஞ்சு போல மயிர் இருப்பதால் வீசினால் காற்றோடு போய்விடும். செம்மண்ணும் சாணியும் சேர்த்துப் பிசைந்து, அதில் விதையைப் புரட்டி உருட்டி, நிழலில் காயவைத்து, புரட்டாசியில் கீறிவிட்ட காட்டில் போட்டார்கள். இந்த வேலைக்கு ஆண், பெண் என்று வித்தியாசம் பார்க்காமல் ஒரே கூலி கொடுக்கப்பட்டது. இனி ஊர்ப் பொது வேலை எதற்கும் அப்படியே கொடுக்க வேண்டும் என்பது குழுவின் உறுதியான எண்ணம்.

பொது மேய்ச்சல் நிலத்தை ஒரு பருவம் மூடியதில் கஷ்டப்பட்டவர்கள் சொந்தக் காடு இல்லாமல் ஐந்தாறு ஆடு வைத்துப் பிழைப்பவர்கள்தான். புல் வேர்பிடித்து விதை உதிர்க்கும்வரை வாய் வைக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதற்கு ஈடாக, கொறங்காடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் முறை போட்டுத் தங்கள் காட்டில் அவர்களுக்குப் புல் அறுத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். சொன்னபடி கொடுத்தவர்கள் பலர், இன்னும் கொடுக்காதவர்கள் சிலர். பெயர் எழுதவில்லை. ஆனால் இது குழு கொடுத்த வாக்கு, மாசி வரை இது நடந்தே ஆக வேண்டும்.

கடைசியாகத்தான் குட்டைக்கு வந்தோம். அனுமதிக் காகிதங்கள் முறைப்படி வாங்கப்பட்டன. வண்டல் மண் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் மட்டுமே போனது. நடுவில் வெளியூர் டிப்பர் ஒன்று விற்பனைக்கு மண் எடுக்க வந்தது, திருப்பி அனுப்பப்பட்டது. அன்றிலிருந்து டோக்கன் இல்லாமல் ஒரு நடைகூடப் போகவில்லை. சிறு குறு விவசாயிகளுக்கு முதல் முறை, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. வண்டல் போட்டவர்கள் அதைக் குவியலாக விட்டுவிடாமல் பரப்பி, சித்திரை மழைக்கு ஒரு கோடை உழவு போட்டுவிடுங்கள். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

வண்டல் முடிந்து ஓடக்கல் தெரிந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டோம். கரையின் அடியை ஒட்டியும் தோண்டவில்லை. கால் பறிபோன கரை ஒரு பெருமழைக்குத் தாங்காது. கரை மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கியிருக்கிறோம். உள்சரிவில் கல் பதித்தாயிற்று. குட்டை நிறைந்தால் தண்ணீர் வழியும் கலிங்கை ஒரு அடி உயர்த்தினால் இன்னும் எவ்வளவோ தண்ணீர் நிற்குமே என்று பலர் கேட்டீர்கள். நிற்கும். ஆனால் மேற்கே தாழ்ந்த காடுகளில் தண்ணீர் ஏறும், கீழூர்க் குட்டைக்குப் போகும் மிச்சத் தண்ணீர் குறையும். அது அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாங்கிவரும் பங்கு. கலிங்கு பழைய மட்டத்திலேயே பூசிக் கட்டப்பட்டிருக்கிறது.

மழையில் என்ன நடந்தது? ஐப்பசி முதல் பெருமழைக்கு ஓடையில் தண்ணீர் வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வந்தது. வந்த தண்ணீரில் கலங்கல் குறைவு. மழை விட்ட பிறகும் மறுநாள், அதற்கு மறுநாள் என்று மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் கலிங்கு வழிந்து கீழூருக்குத் தண்ணீர் போயிற்று. குட்டைக்குக் கிழக்கே உள்ள திறந்த கிணறுகளில் ஊற்று வந்திருக்கிறது. போர்வெல் பற்றி இப்போதே எதுவும் சொல்லக் கூடாது. நம் அடியில் இருப்பது கடினப் பாறை, வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் இறங்க வேண்டும். வரும் சித்திரை, வைகாசியில் எந்தெந்தக் கிணறு எவ்வளவு நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதி வைப்போம். வடக்கு ஓடையில் இரண்டு வரப்புகள் அறுத்துக்கொண்டு போயின. வழிந்து போகக் கல் பதித்த வாய் வைத்து இரண்டும் கட்டியாயிற்று.

வரவு செலவு, ரசீதுகளுடன், கோயில் மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் எப்போதும் பார்க்கலாம். அதிகச் செலவு இயந்திர வாடகையும் டீசலும், அடுத்தது கரைக்குக் கல், அதற்கடுத்தது கூலி. மேல்காட்டு வரப்பு வேலையில் ஒரு பகுதி ஊராட்சி மூலம் நூறு நாள் வேலையில் நடந்ததால் நம் கையிருப்பு கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்தைக் கோயில் சுற்றுச்சுவருக்கு மாற்ற ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கிளுவை நிரப்பவும், முள் பிடுங்கவும், கலிங்கு வாயைச் சுத்தம் செய்யவும் மூன்று ஆண்டுக்காவது பணம் வேண்டும் என்பதால் அது அப்படியே இருக்கட்டும் என்பது குழுவின் கருத்து. முடிவு உங்களுடையது.

தை நோம்பி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கன்னிமார் கோயிலில் கூட்டம். பேச வேண்டியவை மூன்று: மிச்சப் பணம், பொது மேய்ச்சல் நிலத்தை எப்போது, எத்தனை ஆட்டுக்குத் திறப்பது, கலிங்குக்கும் இட்டேரிக்கும் காவல் முறை. ஆடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும். அவர்கள் இல்லாமல் இரண்டாவதை முடிவு செய்யப் போவதில்லை. இந்தப் பருவத்தில் உருவிய கொழுக்கட்டைப்புல் விதை வைத்திருப்பவர்கள் அளவைச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். மேற்கே இன்னும் மூன்று காடுகள் விதை கேட்டிருக்கின்றன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு